சதுரத்தைச் சாச்சுப் போடு தாயி

என்ன தாயி, ஸ்கெட்ச் பேனாவும் கையுமா திண்ணையை அடைச்சு உக்காந்துட்ட? நாளைக்கு டீச்சிங் பிராக்டிஸா? எட்டாப்புக்கு நாற்கரமா? நல்லது, நல்லது. கொஞ்சம் தள்ளி உக்காரு. இங்கன உக்காந்தாத்தான் மாட்டுக்கொட்டகை கண்ணுல படும். அந்தத் தகரத்தைப் பாத்து ரெண்டு வசவு வையாம எனக்கு வெத்தலை இறங்காது. முன்னாடி சுவரோட ஒட்டி நிக்குது, பின்னாடி மட்டும் ரெண்டு பக்கமும் அரையடி நீட்டிக்கிட்டு நிக்குது. தகரத்தை வித்தவன் கோணலா வெட்டிக் குடுத்து ஏமாத்திட்டுப் போயிட்டான். பன்னெண்டு வருசமாச்சு. சரி, அது கெடக்கட்டும்.

உன் சார்ட்டைக் காட்டு. அடேயப்பா! கலரு என்ன, பார்டரு என்ன, கல்யாணப் பத்திரிகை தோத்துச்சு போ. சதுரம், செவ்வகம், இணைகரம், சாய்சதுரம், சரிவகம், பட்டம். எல்லாம் பந்தியில எலைக்கு முன்னாடி உக்காந்த மாதிரி வரிசையா சம்மணம் போட்டிருக்கு. ஒண்ணுகூட எந்திரிச்சு நிக்கலையே தாயி, சோறு வர இன்னும் நேரமாகுமோ?

நான் அஞ்சாப்போட நின்னவன். அம்பது வருசம் கரணை புடிச்ச கை. எனக்கென்ன தெரியும்? நீ பி.எட். படிக்கிற புள்ள. ஆனா வெத்தலை போட்ட வாய் சும்மா இருக்காதுல்ல. அந்தா, கொசுவத்தி கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பய நிக்கிறான் பாரு. அவனும் எட்டாப்புத்தான. டேய், இங்க வாடா. இது என்ன? சதுரமா. சபாசு. இப்பச் சார்ட்டை இப்படிச் சாச்சு, முனை கீழ வர்ற மாதிரி புடிக்கிறேன். இப்ப என்னடா? சாய்சதுரமா? நல்லாச் சொன்ன. போ, கொசுவத்தியை வாங்கிட்டுப் போ.

நீ ஏன் தலையில அடிச்சுக்கிற? தப்பாச் சொல்லிட்டானா? அந்தச் சிவப்புப் பேனாவை மூடு முதல்ல. சாய்சதுரம்னா என்ன, உன் நோட்டுலயே எழுதியிருக்க, நாலு பக்கமும் சமமா இருக்கணும். சதுரத்துக்கு நாலு பக்கமும் சமம்தான? அப்ப அந்தப் பய சொன்னது சரிதான. ஆனா அவன் ஏன் சொன்னான்? "சாஞ்சிருக்குல்ல"ன்னு சொன்னான். பேரு வச்ச மகராசன் "சாய்சதுரம்"னு வச்சுட்டாரு. அவன் பேரைக் கேட்டுப் பொருளைப் புரிஞ்சுக்கிட்டான். வெள்ளைச்சாமின்னு பேரு இருக்குறவன் வெள்ளையா இருக்கணுமா என்ன? சரியான பதிலுக்குள்ள தப்பான நியாயம் ஒளிஞ்சிருக்கு. நீ டிக் போட்டாலும் தப்பு, இண்டு போட்டாலும் தப்பு. "ஏண்டா அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டா மட்டும்தான் வெளங்கும். அதைக் கேக்க உங்க லெசன் பிளான்ல கட்டம் இருக்கா?

இப்ப உன்னையவே கேக்குறேன். சதுரம் ஒரு செவ்வகமா? என்ன, முழிக்கிற? மூலை நாலும் செங்கோணமா இருந்தாச் செவ்வகம். சதுரத்துக்கு மூலை நாலும் செங்கோணம். அப்ப உள்ள சேக்க ஏன் மனசு வரலை? செவ்வகம்னா ரெண்டு பக்கம் நீட்டமா இருக்கணும்னு மனசுக்குள்ள ஒரு படம் மாட்டி வச்சிருக்க. வாயில வரையறை, மனசுல வேற படம். ஷ்லோமோ வின்னர், ரினா ஹெர்ஷ்கோவிட்ஸ்னு இஸ்ரேல் நாட்டுல ரெண்டு பேரு இதைத்தான் 1980ல எழுதுனாகன்னு நீதான தாயி போன வாரம் சத்தம் போட்டுப் படிச்ச? நான் கட்டில்ல கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நீ பரீட்சை எழுதிட்டு மறந்துட்ட. எனக்குப் பரீட்சை இல்ல, மறக்கலை.

வெக்கப்படாத. உனக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளெல்லாம் சேக்கலை. கிறிஸ்து பொறக்க 300 வருசத்துக்கு முன்னாடி வடிவியலைப் பதிமூணு புஸ்தகமா எழுதி வச்சாரே யூக்ளிட், அவரே முதல் புஸ்தகத்துல சதுரத்தை ஒதுக்கித்தான் வச்சாரு. மூலை செங்கோணமா இருந்து பக்கம் சமமா இல்லாததுதான் அவருக்கு நீள்சதுரம். பக்கம் சமமா இருந்து மூலை செங்கோணமா இல்லாததுதான் சாய்சதுரம். சதுரம் தனிக்குடித்தனம். இப்பத்தான் நம்ம பாடப்புஸ்தகத்துல கூட்டுக்குடும்பமாச் சேத்து வச்சிருக்கு. ஏன்னு கேளு. ரேஷன் கார்டுல பேரைச் சேத்தாத்தான அரிசி? செவ்வகத்தோட மூலைவிட்டம் ரெண்டும் சமம்னு ஒருதரம் நிரூபிச்சாப் போதும், கார்டுல பேரு இருக்குற சதுரத்துக்கும் அது கெடைச்சிரும். சாய்சதுரத்தோட மூலைவிட்டம் ரெண்டும் செங்குத்தா வெட்டும். சதுரத்துக்கு அந்தக் கார்டுலயும் பேரு இருக்கு. ரெண்டு கார்டு வச்சிருக்குற ஒரே ஆளு ஊருலயே அதுதான், தாசில்தாரும் புடிக்க முடியாது. நாளைக்கு "சதுரமும் செவ்வகம்தான், எழுதிக்கோங்க"ன்னு கட்டளை போடாத. சேத்தா என்ன லாபம்னு அதுகளையே சொல்ல விடு.

அப்புறம் அந்த ஹாலந்து நாட்டுப் புருசன் பொண்டாட்டி கதையும் படிச்சியே. பியர் வான் ஹீலெ, டீனா வான் ஹீலெ-கெல்டாஃப். ரெண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியாரு. 1957ல ஒரே உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல ஆளுக்கொரு ஆராய்ச்சி எழுதுனாக. நானும் உங்க பாட்டியும் ஒரு கல்யாண மொய்க்கே ஒத்த கருத்துக்கு வந்ததில்ல. பாவம், கொஞ்ச நாள்லயே அந்தம்மா போய்ச் சேந்துருச்சு. மிச்சத்தை அவருதான் ஊரு உலகத்துக்குச் சொன்னாரு.

அவுக சொன்னது அஞ்சு படி. முதப் படியில புள்ள பாத்து அடையாளம் சொல்லும். கதவு மாதிரி இருக்கு, அதனால செவ்வகம். ரெண்டாம் படியில குணத்தை ஒப்பிக்கும். எதிர்ப்பக்கம் சமம், மூலை 90 பாகை, மூலைவிட்டம் சமம்னு கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி அடுக்கும். எதுக்கும் எதுக்கும் என்ன ஒட்டு உறவுன்னு தெரியாது. மூணாம் படியிலதான் "இந்தக் குணம் இருந்தா அந்தக் குணம் தானா வந்துரும்"னு பிடிபடும். ரேஷன் கார்டு கணக்கெல்லாம் அங்கதான். நாலாம் படி நிரூபணம். அஞ்சாம் படியில அடிப்படையையே மாத்திப் போட்டு வேற வடிவியல் கட்டுவாகளாம். அங்க நான் வரலை, எனக்குத் தலை சுத்தும்.

இதுல சூட்சுமம் என்ன தெரியுமா? வயசானா படி ஏறிடாது. ஒரு படியைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. நீ சாரத்துல மூணாம் தட்டுல நின்னுக்கிட்டுச் "செவ்வகம்"னு சொல்ற. உனக்கு அது நாலு செங்கோணம். கீழ நிக்கிற பயலும் "செவ்வகம்"னு சொல்றான். அவனுக்கு அது எங்க வீட்டுக் கதவு. ரெண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லித் தலையை ஆட்டிக்கிட்டே பாசாங்கு பண்ணி வருசத்தை ஓட்டிரலாம். நான் கொத்தனாரா இருந்தப்ப அப்படி ஒரு சித்தாளு இருந்தான். "ரசமட்டம் பாத்தியா?"ன்னா "பாத்தேன்"னுவான். பொய்யில்ல, பாக்கத்தான் செஞ்சான். உள்ள இருக்குற குமிழி நடுவுல நிக்கணும்னு நான் சொல்லலை, அவன் கேக்கலை.

இன்னும் ஒண்ணு, கோவிச்சுக்காத. பல நாட்டுலயும் டீச்சராகப் போற புள்ளைகளைச் சோதிச்சுப் பாத்திருக்காக. அதுல நெறைய பேரு ரெண்டாம் தட்டுலயே நின்னுக்கிட்டு மூணாம் தட்டுக்கு ஆளு புடிக்கப் போறாகளாம். உன்னையச் சொல்லலை தாயி. உன் கூடப் படிக்கிற புள்ளைகளைச் சொல்றேன்.

சரி, உன்னைய ஒரு சோதனை. இந்தா சாக்பீஸ். தரையில ஒரு விரிகோண முக்கோணம் போடு. நல்லா ஒரு பக்கமாச் சாயட்டும். இப்ப அதோட உயரத்தைப் போடு. அட, ஏன் முக்கோணத்துக்குள்ளயே கோட்டைத் திணிக்கிற? சிறைக்கைதியா அது? அந்தா, கெணத்து மேட்டுல சாஞ்சு நிக்குதே தென்னை, அது உச்சியிலேருந்து தூக்குக்குண்டை விட்டா எங்க விழும்? பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்குள்ள விழும். அதுக்காக அந்த மரத்துக்கு உயரம் இல்லேன்னு ஆயிருமா? உயரம்னா உச்சியிலேருந்து அடிப்பக்கத்துக் கோட்டுக்குச் செங்குத்து. அந்தக் கோட்டை வேலிக்கு அப்பாலயும் நீட்டிக்கலாம், அதுக்குப் பட்டா வேணாம். உங்க புஸ்தகத்துல எப்பப் பாரு கூரை வீடு மாதிரி முக்கோணத்தையே போட்டா, சாஞ்ச முக்கோணத்தைப் பாத்ததும் புள்ளை திருவிழாவுல தொலைஞ்ச மாதிரி நிக்கும்.

கோணமும் அப்படித்தான். ஒரே 40 பாகையை ஒருதரம் நீட்டக் கையோட போடு, ஒருதரம் குட்டைக் கையோட போடு. எது பெருசுன்னு கேளு. வகுப்புல பாதி நீட்டக் கைக்குத்தான் ஓட்டுப் போடும். வீட்டுக் கதவும் அலமாரிக் கதவும் ஒரே அளவு தெறந்திருந்தாக் கோணம் ஒண்ணுதான்னு செஞ்சு காட்டு. கோணம்கிறது திரும்புன அளவு, கையோட நீளமில்ல. ஊருலயும் பல பேரு கையோட நீளத்தைப் பாத்துத்தான மதிப்புப் போடுறாக.

எங்க சின்னத் தாத்தா ஒருத்தரு, பேரு வேணாம், செத்துப் போயிட்டாரு. அண்ணன் தம்பிக்கு வீட்டு மனை பிரிச்சாக. அண்ணனுக்கு 40 அடிக்கு 40 அடி. தம்பிக்கு 60 அடிக்கு 20 அடி. "சுத்திக் கயிறு புடிச்சுப் பாரு, ரெண்டுக்கும் 160 அடி, வேலிக்கு ஒரே கம்பி, ரெண்டும் சமம்"னு அண்ணன் சொன்னாரு. தம்பி தலையை ஆட்டிட்டு வெத்தலையில கையை வச்சுட்டாரு. 1600 சதுரடி அங்க, 1200 சதுரடி இங்க. ஒரு சென்ட்டு 435.6 சதுரடி. கிட்டத்தட்ட ஒரு சென்ட்டு நெலத்தைக் கயித்தாலயே கறந்துட்டாரு மனுசன். தம்பி அந்த ரயில் பெட்டியில வீட்டைக் கட்டி, சாகுற வரைக்கும் "ஏன் எங்க வீடு மட்டும் நெருக்கமா இருக்கு"ன்னு ஜோசியம் பாத்தாரு. அந்தத் தம்பிதான் எங்க சின்னத் தாத்தா.

இதுல படிச்சவுகளும் விழுவாக தாயி. லிபிங் மா ன்னு ஒரு சீன நாட்டு அம்மா, 1999ல வந்த புஸ்தகத்துல அமெரிக்க டீச்சர் 23 பேரு, சீன டீச்சர் 72 பேருகிட்ட இதையே கேட்டதை எழுதியிருக்கு. "ஒரு புள்ள ஓடி வந்து, சுத்தளவு கூடுனாப் பரப்பளவும் கூடும்னு நான் கண்டுபுடிச்சேன் டீச்சர்னு சொன்னா என்ன சொல்லுவீக?" அந்தப் புள்ள ரெண்டு படமும் போட்டுக் காட்டுது. 4க்கு 4, சுத்தளவு 16, பரப்பு 16. 4க்கு 8, சுத்தளவு 24, பரப்பு 32. கூடியிருக்குல்ல? ரெண்டு நாட்டுலயும் சில டீச்சருக "ஆமா"ன்னு தலையாட்டிட்டாக. அங்க உக்காந்து ஒரு டீச்சர் பண்ண வேண்டியது என்ன? "சரி"ன்னும் வேணாம், "தப்பு"ன்னும் வேணாம். "இன்னொரு படம் போட்டுப் பாப்பமா? 10க்கு 1 போடு"ன்னு சொல்லணும். சுத்தளவு 22, பரப்பு பத்தே பத்து. 4க்கு 4ஐ விடச் சுத்தளவு கூடிருச்சு, பரப்பு கொறஞ்சிருச்சு. ஒரே ஒரு எதிர் உதாரணம், கோட்டை சரிஞ்சிருச்சு.

உன் வாட்ஸ்அப்புலயும் ஒண்ணு வந்துச்சே, பிதாகரஸுக்கு முன்னாடியே நம்மாளு கர்ணக் கணக்கைப் பாட்டுல கண்டுபுடிச்சாரு, வர்க்கமூலமே வேணாம்னு. நீ பெருமையா எனக்குப் படிச்சுக் காட்டுன. நானும் மீசையை முறுக்கிட்டுக் கேட்டேன். நீளத்தை எட்டாப் பங்கு போட்டு ஒரு பங்கைத் தள்ளிட்டு, அகலத்துல பாதியைச் சேத்தாக் கர்ணம். 4க்கு 3 போட்டேன், மூணரையும் ஒன்றரையும் அஞ்சு. கச்சிதம். 12க்கு 5 போட்டேன், பதிமூணு. அதுவும் கச்சிதம். அப்புறம் 10க்கு 10 அறைக்குப் போட்டேன். எட்டே முக்காலும் அஞ்சும் பதிமூணே முக்கால். டேப்பைப் புடிச்சா 14 அடிக்கு மேல ஒண்ணே முக்கால் இஞ்ச் வருது. மொத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சு இஞ்ச் இடிக்குது. பழைய ஆளுக அவசரத்துக்கு வச்ச நல்ல கிட்டக் கணக்கு அது, அதுல பெருமைப்படு. ஆனா 3-4-5ல மட்டும் சோதிச்சுட்டு உலகத்துக்கே ஃபார்வர்டு பண்ணுனவன், சம்மணம் போட்ட சதுரத்தை மட்டும் பாத்து வளந்தவன்தான்.

இப்பப் பத்தாப்புக்கு வா. உங்க தம்பி ஒரு படம் போட்டானே, 3 சென்டிமீட்டர் ஆரத்துல வட்டம், மையத்துலேருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி, தொடுகோடு வரையணும். உதவிப்படம் போட்டான், நடுக்குத்துக்கோடு போட்டான், கவராயத்தைச் சுத்துனான், வெட்டுன எடத்தைச் சேத்தான், அளந்தான், 7.4ன்னு எழுதுனான். மூணு நிமிசம். எனக்கே கண்ணு பட்டுரும் போல இருந்துச்சு. "ஏண்டா தம்பி, நடுவுல இன்னொரு வட்டம் போட்டியே, அது எதுக்கு?"ன்னு கேட்டேன். என்ன சொன்னான்? "எட்டு மார்க்குக்கு தாத்தா." வடிவியல் வரைபடம் எட்டு, கிராஃப் எட்டு, ஆக 16. பாஸாக 35. அவனைத் திட்டாத. கணக்குல கெட்டிக்காரன்தான் அவன்.

ஆனா அந்த வட்டத்துக்குள்ளதான தாயி சங்கதியே இருக்கு. ஒரு பலகையில ரெண்டு ஆணி அடி. மூலைமட்டத்தோட ரெண்டு கையும் ரெண்டு ஆணியையும் ஒரசிக்கிட்டே இருக்குற மாதிரி நகத்து. மூலை போற தடத்துல பென்சிலை வையி. அரைவட்டம் வரும். அரைவட்டத்துல நிக்கிற கோணம் செங்கோணம்னு புஸ்தகம் சொல்றது இதைத்தான். ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து, அந்தச் செங்கோணத்தைத் தேடித்தான் நடுவுல அந்த வட்டம். இதை ஒரு ஆசாரி பத்து நிமிசத்துல காட்டிருவாரு. அந்தப் பத்து நிமிசம் பத்தாப்புல கெடைக்கலை. ஏன்னா அடுத்த மாடல் கொஸ்டின் பேப்பர் காத்துக்கிட்டு இருக்கு.

எப்படிக் கேக்கணும்னா, கிரேக்கத்துல ஒரு கிழவரு இருந்தாருல்ல, சாக்ரட்டீஸு. பிளேட்டோ எழுதுன மேனோங்கிற நூல்ல, ஒரு அடிமைப் பயலைக் கூப்புட்டு, பக்கம் 2 அடிச் சதுரத்தோட பரப்பை ரெட்டிப்பாக்கச் சொன்னாரு. அவன் பக்கத்தை 4 ஆக்குனான். பரப்பு நாலு மடங்காப் போச்சு. சரி 3ன்னான். பரப்பு 4ஐ ரெட்டிச்சா எட்டு வேணும், ஒம்போது வந்துச்சு. அப்புறம் மூலைவிட்டத்து மேல சதுரத்தைக் கட்டி எட்டைப் புடிச்சான். கிழவரு பெரிய குசும்பன். "நான் ஒண்ணும் சொல்லித் தரலை, கேள்விதான் கேட்டேன்"னுட்டாரு. கேள்விக்குள்ளயே பாதி வெடையை வச்சு ஊட்டிட்டு என்ன பேச்சு பேசுறாரு பாரு. ஆனா ஒரு விசயத்துல அவரு வாத்தியாரு. ரெண்டுதரம் அவனைத் தப்புப் பண்ண விட்டாரு. நீ உன் லெசன் பிளான்ல புள்ளைக தப்புப் பண்றதுக்கு எத்தனை நிமிசம் ஒதுக்கியிருக்க?

என்ன சிரிக்கிற? இம்புட்டு பேசுன எனக்கு ஒரு கேள்வியா? கேளு, கேளு. மூலை சுத்தமா இருக்கான்னு எப்படிப் பாப்பேனா? பூ! குறுக்குக் கயிறு புடிப்பேன். மூலைவிட்டம் ரெண்டும் சமமா இருந்தா அது செவ்வகம். அம்பது வருசப் பழக்கம்.

என்ன அது, சாக்பீஸை எடுத்து என்னமோ போடுற? மேல குட்டைக் கோடு, கீழ நெட்டைக் கோடு, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலச் சரிவு. சரிவகம். ம். குறுக்கு ரெண்டையும் அளக்கணுமா? குடு ஸ்கேலை.

சமமா வருது.

திரும்ப அளக்குறேன், பொறு. சமம்தான். மூலை ஒண்ணுகூடச் செங்கோணம் இல்ல. குறுக்கு மட்டும் சமமா இருக்கு. அப்ப எதிர்ப்பக்கமும் சமமா இருக்கணும், அதுக்கு மேல குறுக்கும் சமமா இருந்தாத்தான் செவ்வகம்ங்குற. அதுசரி, நான் எப்பவும் முதல்ல சுவரு நீளத்தை அளந்துட்டுத்தான குறுக்குக் கயிறு புடிப்பேன்? கை செஞ்சுச்சு, வாயி அதைக் கணக்குல சேக்கலை. எப்பவும் அளந்துட்டுத்தான். ஒரே ஒருதரம் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, குறுக்கை மட்டும் புடிச்சுட்டு அஸ்திவாரத்தைத் தோண்டச் சொல்லிட்டேன்.

என்ன கட்டுனேனா? அது வந்து... நீ உள்ள போயி டேப்பையும் டார்ச்சையும் எடுத்துட்டு வா. உங்க பாட்டிக்குச் சத்தம் கேக்காம. மாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டு. முன்சுவரை நீ புடி. எம்புட்டு? இருபது அடியா. இப்பப் பின்சுவரு. சரியா இழுத்துப் புடி தாயி. பத்தொம்போதா?

ம்.

அந்தத் தகரக்காரன் இப்ப எந்த ஊருல இருக்கான்னு விசாரிக்கணும். பாவம், நல்ல மனுசன். நீ போயி அந்தச் சார்ட்டை எடு, சதுரம் ஒண்ணை முனையில நிப்பாட்டு, சரிவகம் ஒண்ணைத் தலைகீழாப் போடு. அதுக்குள்ள ரெண்டு குறுக்கையும் வரைஞ்சு, கீழ "இது செவ்வகமா?"ன்னு எழுதி வையி. நாளைக்குப் புள்ளைக யாராச்சும் கேட்டா, எங்க தாத்தா வேணும்னேதான் தப்பாச் சொல்லி என்னையச் சோதிச்சாருன்னு சொல்லு.